தஞ்சை வயல்களும் கதைகளில் நம் பெண்களும்



நாவல் படிப்பது பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் இங்கும் இருக்கலாம். ஆனால் நம்மைப் பற்றிப் பிறர் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதை நாம் அறிந்தாக வேண்டும்.

1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நெற்கூலியை உயர்த்திக் கேட்டதும் செங்கொடியை இறக்க மறுத்ததுமே அவர்கள் செய்த குற்றம். 1975-இல் வெளிவந்த இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' அக்கொடுமையை நாடறியச் செய்தது. சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றது. ஆயினும் மிராசுதாரரின் ஆண்மைக் குறைவில் அந்நாவல் காரணம் தேடியதை நம்மால் ஏற்க இயலவில்லை. மரக்கால் நெல்லுக்காக மூண்ட போர் ஒருவரது மனநோயாகச் சுருங்கிவிடுகிறது. நடவுக் கூலியைப் பேரம் பேசிய பெண்ணை அதில் தேடித்தான் பார்க்க வேண்டும்!

அவளுக்கு ஒரு வரலாறு உண்டு. முழங்காலுக்குக் கீழே சேலை இறங்கக்கூடாது, ரவிக்கை கூடாது, வரப்பில் அழும் பிள்ளைக்குப் பாலூட்டவும் காரியக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்றிருந்த காலத்தில் அவள் சங்கத்தில் சேர்ந்தாள். சாணிப்பாலையும் சவுக்கடியையும் ஒழித்த 1944-ஆம் ஆண்டு மன்னார்குடி ஒப்பந்தத்தில் அவள் பங்கும் உண்டு. ராஜம் கிருஷ்ணன் இம்மண்ணில் அலைந்து, கேட்டறிந்து எழுதிய 'பாதையில் பதிந்த அடிகள்' (1991) மணலூர் மணியம்மையின் கதை. அந்தணக் குலத்து விதவையான அவர் கிராப்பு வெட்டிக்கொண்டு, வேட்டியும் சட்டையும் அணிந்து, சேரிக்குள் வந்து பண்ணையாட்களைத் திரட்டினார், 1953-இல் மறைந்தார். அந்த அம்மையாரை நாம் வணங்குகிறோம். எனினும் அவரோடு கொடி பிடித்து நடந்த சேரிப் பெண்கள் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்?

இனிச் சொல்லப்போவது இளைஞர்களுக்குக் கசக்கலாம். சிவகாமியின் 'பழையன கழிதலும்' (1989) நம்மவர் ஒருவரே எழுதிய நாவல். ஆதிக்கச் சாதியாரால் அடிபட்டு நியாயம் கேட்டு வந்த தங்கம் என்னும் விதவையை, நியாயம் பேச வேண்டிய நம் தலைவர் காத்தமுத்துவே தம் மனைவியருள் ஒருத்தியாக்கிக் கொள்கிறார். அவர் மகள் கௌரி படிப்பைப் பற்றிக்கொண்டு தந்தையை எதிர்த்து நிற்கிறாள். எதிரிக்கு வாய் கொடுத்துவிட்டார் என்று ஆசிரியரைக் குறை கூறினோர் உண்டு. அக்குறையில் எனக்கு உடன்பாடில்லை. பண்ணையார் கை ஓங்கினால் கொடுமை, நம் கை ஓங்கினால் குடும்ப விவகாரமா?

1968-இல் பத்து வயதுச் சிறுமியாய் இருந்தவர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார். நாற்றுமுடி சுமந்த அப்பாட்டிமார் நம் தெருக்களிலேயே இருக்கின்றனர். பள்ளி இறுதி வகுப்புப் பெண்பிள்ளைகள் இவ்விடுமுறையிலேயே குறிப்பேட்டுடன் அவர்களிடம் செல்லட்டும். கூலி எவ்வளவு, கேட்டது யார், அடித்தது யார், வீட்டில் அடித்தது யார் என்று நான்கையும் எழுதி வரட்டும்.