வண்டியை விடும்முன் சீட்டு எழுதுங்கள்



சாரல் விழத் தொடங்கிவிட்டால் குற்றாலத்தை நோக்கி வண்டிகள் வரிசை கட்டும். கொல்லம் – திருமங்கலம் நெடுஞ்சாலையில் ஆண்டு முழுக்கக் கேரளப் போக்குவரத்து உண்டு. இத்தனை வண்டி ஓடும் பகுதியில் வொர்க்‌ஷாப்புகளுக்கு வேலை குறையாது. செய்த வேலை சரியில்லை என்றால் வண்டிக்காரர் என்ன செய்வது? இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

குத்துக்கல்வலசைக்காரர் ஒருவர் வண்டியைக் கொண்டுபோய் விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "அண்ணாச்சி, பிரேக் மிதிச்சா முன்சக்கரத்துல கிரீச்சுனு சத்தம் வருது, பாத்து வைங்க" என்கிறார். "சாயங்காலம் வாங்க, முடிச்சு வச்சிருதேன்" என்று பதில் வருகிறது. மாலையில் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்து வருகிறார். பிரேக் பேட் மாற்றியாயிற்று என்றார்கள். மாற்றிய பேட் எந்தக் கம்பெனி? கழற்றிய பேட் எங்கே? பிரேக் ஆயில் மாற்றினார்களா? எதற்கும் சீட்டு இல்லை. இரண்டு நாளில் மறுபடியும் அதே சத்தம். போய்க் கேட்டால், "அது வேற கோளாறு" என்கிறார்கள்.

பெயிண்ட் வேலை சரியில்லை என்றால் பணத்தோடு போகும். பிரேக் அப்படியல்ல. ஆரியங்காவிலிருந்து புளியரைக்கு இறங்கும் மலைப்பாதையை நினைத்துப் பாருங்கள். வளைவுக்கு வளைவு மிதிப்பதால் பிரேக் சூடேறும். டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறிய ஆயில் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி சேரும். பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது. மாற்றியதாகச் சொல்லி மாற்றாமல் விட்ட ஆயில் உயிருக்கே உலை வைக்கும்.

ஆகவே வேலை தொடங்கும் முன்பே எச்சரிக்கை வேண்டும். என்ன கோளாறு, என்னென்ன மாற்றப் போகிறார்கள், ஒரிஜினலா வேறு கம்பெனியா, பொருளுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு, எப்போது டெலிவரி என்பதை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பெரிய கடையில் ஜாப் கார்டு தருவார்கள். சிறிய கடையில் வாட்ஸாப் செய்தியாவது இருக்கட்டும். கழற்றிய பாகத்தைப் பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். தேய்ந்த பேடைக் கையில் வாங்கிப் பார்த்தால் மாற்ற வேண்டிய நிலை வந்திருந்ததா என்பது உங்களுக்கே தெரியும். மேற்கொண்டு வேலை கிளம்பினால் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பில்லை விட்டுவிடாதீர்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. பில் கொடுக்காததையே அது முறையற்ற வணிக நடவடிக்கைகளில் ஒன்றாகச் சொல்கிறது.

குறை தெரிந்தால் முதலில் செய்தவரிடமே போங்கள். சரிசெய்ய அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்பதுதான் நியாயம். ஆனால் கேட்பதை எழுத்தில் கேளுங்கள். அவர் மறுத்தால் வேறு மெக்கானிக்கிடம் காட்டலாம். அந்தப் புது மெக்கானிக் ஸ்பேனரை எடுக்கும் முன்பே படம் எடுத்துவிடுங்கள். கண்ட குறையை அவர் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். அவசரப்பட்டுப் பிரித்துச் சரிசெய்துவிட்டால் சாட்சியும் அதோடு போய்விடும். நிலக்கடலை ஏற்றுமதி தொடர்பான ஒரு வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: சேவையில் குறைபாடு என்றால் அதை நிரூபிக்க வேண்டியவர் புகார்தாரரே.

தகராறு வந்தவுடன் "பைசா தர முடியாது" என்று கிளம்புகிறவர்களும் உண்டு. கவனம் வேண்டும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 170-ஆம் பிரிவின்படி, பேசியபடி உழைப்பைச் செலுத்தியவர் தனக்குரிய கூலி வரும்வரை பொருளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். வண்டி அங்கேயே நின்றுவிட்டால் நஷ்டம் நமக்குத்தான். "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிப் பணத்தைக் கட்டி வண்டியை எடுத்துக்கொண்டு, பிறகு முறையிடலாம்.

பேச்சு முறிந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். இன்னொரு வசதி, நீங்கள் குடியிருக்கும் ஊருக்குரிய ஆணையத்திலேயே கொடுக்கலாம். குற்றாலத்துக்குக் குளிக்க வந்த சேலத்துக்காரர், இங்கே செய்த வேலைக்காகச் சேலத்திலேயே முறையிட முடியும். வெளியூர் வண்டிதானே, திரும்பியா வரப்போகிறது என்று யாரும் ஏனோதானோவென்று முடுக்கிவிடக் கூடாது என்பதற்கு இந்த ஒரு விதி போதும்.

மெக்கானிக்குகளின் கஷ்டத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரிஜினல் பாகமும் கோளாறு கண்டுபிடிக்கும் கருவியும் வெளிக்கடைகளுக்குக் கிடைக்காதபடி செய்தார்கள் என்று 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அதை எதிர்த்து மேல்முறையீடுகளும் நடந்தன. பொருள் கிடைக்காத இடத்தில் நல்ல கைக்காரரும் திணறத்தான் செய்வார். பழுதுபார்க்கும் உரிமைக்கென மத்திய அரசு 2022 டிசம்பர் 24 அன்று இணையதளம் திறந்தபோது, அதில் வாகனத் துறையையும் சேர்த்தது.

நேர்மையான மெக்கானிக்குக்குச் சீட்டு பகையல்ல. அவர் செய்யாத குற்றத்துக்குப் பழி வராமல் காப்பதும் அதே சீட்டுதான். வொர்க்‌ஷாப் நடத்தும் அண்ணாச்சிமாரே, கேட்காவிட்டாலும் எழுதிக் கொடுங்கள், பழைய பாகத்தை வண்டியிலேயே வையுங்கள். வண்டி வைத்திருப்பவர்களே, அடுத்த முறை சாவியைக் கொடுக்கும்போது ஒரு தாளையும் நீட்டுங்கள்.