பழைய படகு வாங்கும்போது சர்வே செலவு தேவையா?

லண்டனில் வாடகை கொடுத்து மாளவில்லை, கால்வாயில் ஒரு படகு வாங்கித் தங்கலாமா என்று யோசிக்கிறேன்னு போன எபிசோடில் சொன்னேன் இல்லையா? அதுக்கு வந்த மெசேஜில் பாதி ஒரே கேள்விதான்: "ப்ரோ, பழைய படகுன்னா சர்வே பண்ணியே ஆகணுமா? அதுக்கே சில நூறு பவுண்டு கேக்கறாங்களே?" இன்னிக்கு அதை மட்டும் பேசுவோம்.

முதலில், எந்த மாதிரிப் படகு என்று சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடும் நாரோபோட். அகலம் ஏழடிக்குள், நீளம் எழுபதடி வரை. ரயில் பெட்டியைத் தண்ணீரில் இறக்கிவிட்ட மாதிரி இருக்கும். உடம்பு எஃகு. விளம்பரத்தில் 10/6/4 என்று போட்டிருப்பார்கள். அடித்தகடு 10 மி.மீ., பக்கத் தகடு 6, மேல்கூடு 4 என்று அர்த்தம். அது கட்டியபோது இருந்த கனம். இப்போ எவ்வளவு மிச்சம் இருக்கு? அதுதான் விஷயமே.

நான் பார்த்த படகு 1994-இல் கட்டியது, 57 அடி, விலை 48,000 பவுண்டு. உள்ளே பிரமாதம். விறகு அடுப்பு, புது சமையலறை, ஜன்னலோரம் மடக்கு மேஜை. புரோக்கர் ரெண்டு பேப்பரை நீட்டினார். ஒன்று, போட் சேஃப்டி ஸ்கீம் சான்றிதழ். இன்னொன்று, இப்போதைய ஓனர் வாங்கும்போது எடுத்த சர்வே ரிப்போர்ட். எல்லாம் பக்காவா இருக்கு, எதுக்கு மறுபடி செலவு என்பது அவர் வாதம்.

பேப்பர் ரெண்டும் அசல்தான். ஆனால் என் கேள்விக்கு ரெண்டிலும் பதில் இல்லை. நாலு வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கும் அந்தப் பாதுகாப்புச் சான்றிதழ் கேஸ், வயரிங், எரிபொருள், தீ ஆபத்து இவற்றைத்தான் பார்க்கும். தகடு எவ்வளவு தேய்ந்திருக்கு என்று பார்ப்பது அதன் வேலையே இல்லை. பழைய ரிப்போர்ட்டோ, அதுக்குப் பணம் கொடுத்தவருக்காக எழுதியது. அதில் தப்பு இருந்தால் அந்த சர்வேயரிடம் நான் போய் நிற்க முடியாது. ரிப்போர்ட் எழுதிவிட்டார்கள் என்று துருவும் வேலையை நிறுத்திவிடாது.

இன்னொன்று. தனிநபரிடம் வாங்கும்போது கடையில் வாங்குகிற பாதுகாப்பு கிடையாது. 2015-ஆம் வருஷத்து நுகர்வோர் உரிமைச் சட்டம் வியாபாரியிடம் வாங்கினால்தான் துணைக்கு வரும். புரோக்கர் பெரும்பாலும் நடுவில் நிற்பவர்தான். பார்த்து வாங்கும் பொறுப்பு முழுக்க நம் தலையில்.

அதனால் "சர்வே திருப்தியாக இருந்தால் மட்டும்" என்ற நிபந்தனையை எழுத்தில் வாங்கிக்கொண்டு 10 சதவீதம் அட்வான்ஸ் கொடுத்தேன். சர்வேயரை நானே தேடினேன். புரோக்கர் ஒரு பேர் சொன்னார், வேண்டாம் என்றேன். கோடு எழுதினவனோட ரூம்மேட்டே ரிவ்யூ பண்ற கதையாயிடும்.

படகை கிரேனில் தூக்கி, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினார்கள். சர்வேயர் முதலில் எடுத்தது சுத்தியல். அம்மா பானைக்கடையில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பாரே, அதே மாதிரி முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை தட்டிக்கொண்டே போனார். அப்புறம்தான் அல்ட்ராசானிக் மீட்டர். தகட்டில் வைத்தால் கனத்தை மி.மீ.யில் காட்டும். பெரும்பாலும் 5.2, 5.4 என்று வந்தது. இடது பக்கம், பின்னால், தண்ணீர்க் கோட்டை ஒட்டி மட்டும் துருக் குழிகள். ஒரு குழியில் மிச்சம் இருந்தது 3.4.

காரணத்தையும் அவரே காட்டினார். துருவைத் தங்கள் மேல் வாங்கிக்கொள்ளும் மெக்னீசியக் கட்டிகளைப் படகின் பக்கத்தில் பற்றவைத்திருப்பார்கள். அவை கரைந்து பேருக்குத்தான் இருந்தன. கரைக் கரண்டில் வருஷக்கணக்காகப் படகை மாட்டி வைத்தால், எர்த் கம்பி வழியாகப் பக்கத்துப் படகுகளும் இதுவும் சேர்ந்து ஒரு பேட்டரி மாதிரி ஆகிவிடும். கால்வானிக் ஐசொலேட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி அதைத் தடுக்கும். இதில் அது இல்லை.

3.4 என்றால் நாளைக்கே மூழ்கிவிடாது. சிக்கல் வேறு. பல இன்சூரன்ஸ் கம்பெனிகள் 25, 30 வருஷம் தாண்டிய படகுக்கு முழுக் காப்பீடு தர சர்வே கேட்கும், 4 மி.மீ.க்குக் குறைந்தால் தயங்கும். பழைய தகட்டின் மேல் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யலாம். ஆனால் எடை கூடும், படகு கொஞ்சம் இறங்கி மிதக்கும். உள்ளே இருக்கும் ஃபோம் வெல்டிங் சூட்டில் தீப்பிடிக்கலாம் என்பதால் அந்த இடத்துப் பலகைகளைப் பிரித்தாக வேண்டும். நான் ரசித்த அந்த மடக்கு மேஜை உட்பட.

அப்போ எல்லாரும் சர்வே பண்ணணுமா? இல்லை. என் நண்பன் 4,000 பவுண்டுக்கு 23 அடி ஃபைபர் படகு ஒன்று வாங்கினான், சர்வே இல்லாமல். அவன் செய்தது சரி என்றுதான் சொல்வேன். கிரேன் கூலியும் சர்வே ஃபீஸும் சேர்ந்தால் படகு விலையில் பெரிய பங்கு போய்விடும். போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய பணம் அது, அவன் அதில் குடியிருக்கவும் இல்லை. எனக்கு அந்த 48,000 ஆறு வருஷச் சேமிப்பு, அதுவே வீடும் கூட. படகு மொத்தமும் போனால் தாங்க முடியுமா என்று முதலில் கேட்டுக்கோங்க. முடியாது என்றால் சர்வே ஃபீஸைப் படகு விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்க. ஒன்று மட்டும், சர்வேயர் தொட்ட இடத்தின் கனம்தான் ரிப்போர்ட்டில் வரும். டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆனாலும் பக் இருக்கலாம்னு நமக்குத் தெரியாததா?

வெல்டிங் செலவை விலையில் கழிக்கச் சொன்னேன். சர்வே கேட்காத ஆள் ஒருத்தர் வரிசையில் இருக்கார் என்று பதில் வந்தது. விட்டுவிட்டேன், அட்வான்ஸ் திரும்பி வந்தது. சர்வேக்கும் கிரேனுக்கும் கொடுத்தது போனதுதான். அடுத்த வாரமே படகு விற்றுவிட்டது. போன மாசம் ரீஜென்ட்ஸ் கால்வாயில் அதைப் பார்த்தேன். கூரையில் பூந்தொட்டி வைத்து, ரெண்டு பேர் டீ குடிச்சிட்டு இருந்தாங்க. நல்லாத்தான் மிதக்குது.

இப்போ பேசிக்கொண்டிருக்கும் படகு 2007-இல் கட்டியது. வியாழக்கிழமை கிரேன், அதே சர்வேயர். மீட்டர் என்ன காட்டுதுன்னு அடுத்த எபிசோடில் சொல்றேன்.