பள்ளி மாணவரும் பாலர் வகுப்பும்

(பங்கின் பொன்விழாவையொட்டிக் கூடிய பெற்றோர் கூட்டத்தில், பாலர் பள்ளிப் பணிக்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

நம் பங்கின் பாலர் பள்ளிக்குச் சனிக்கிழமைதோறும் உயர்நிலை வகுப்பு மாணவ மாணவியர் வந்து, மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்குக் கற்பிக்கப் பழகுகிறார்கள் என்பது நீங்கள் யாவரும் அறிந்ததே. இதைப்பற்றி இரண்டு பேச்சுகள் எங்கள் காதில் விழுகின்றன. “பரீட்சைக்குப் படிக்கவேண்டிய பிள்ளைகளின் நேரம் வீணாகிறதே” என்பது ஒன்று. “மாணவர்களே இவ்வளவு நன்றாக நடத்தும்போது இரண்டாவது ஆசிரியை எதற்கு? அந்தச் சம்பளத்தை மிச்சம் பிடிக்கலாமே” என்பது மற்றொன்று. இரண்டுக்கும் இன்று பதில் சொல்ல விரும்புகிறோம்.

பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை இருந்தார். வாத்தியார் இல்லாத நேரத்தில் அவரே பாடம் கேட்பார். 1789-ல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் போதகர், நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் இல்லத்திலும் அதைக் கொண்டுவரச் சொன்னார். ஆசிரியர்கள் இணங்கவில்லை. எனவே ஜான் ஃபிரிஸ்கன் என்ற சுமார் எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அவன் அதைச் செவ்வனே நடத்திக் காட்டினான். இதை 1797-ல் பெல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று.

ஆனால் பரவிய இடத்தில் என்ன நடந்தது? ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாம், செலவு குறையும் என்பதே பலருக்குப் பெரிதாகப் பட்டது. சட்டாம்பிள்ளைகள் தங்களுக்கே சரியாகத் தெரியாததைப் பிறருக்கு ஒப்பிக்க வைத்தார்கள். கல்வி வெறும் மனப்பாடமாயிற்று. பின்னர் 1846-ல் அந்நாட்டு அரசு வேறொரு திட்டம் வகுத்தது. அதன்படி பதின்மூன்று வயது நிரம்பியவர்கள் ஐந்தாண்டுகள் பள்ளியில் உதவிக்கொண்டே ஆசிரியப் பணி பழகினார்கள். அவர்களுக்குத் தலைமையாசிரியர் நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் தனியே பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று விதித்தார்கள். மாணவரை உதவிக்கு வைத்தால், அந்த மாணவருக்குக் கற்பிக்க ஆள் வேண்டும் என்பதை அவர்கள் பட்டு உணர்ந்தார்கள். இரண்டாவது ஆசிரியை எதற்கு என்பதற்கு இதுவே எங்கள் பதில். ஆசிரியை இருந்தால்தான் மாணவர் பழகுவார். ஆசிரியையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கூலியில்லா வேலைக்காரர் மட்டுமே. குழந்தைகளின் பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கிறது. எந்த மாணவரையும் எந்தக் குழந்தையுடனும் தனியே விடுவதில்லை. குழந்தையைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்வது ஆயாவின் பொறுப்பு. இது மாற்ற முடியாத விதி.

இனி, நேரம் வீணாகிறதா என்று பார்ப்போம். முதல் நான்கு சனிக்கிழமைகள் மாணவர்கள் ஒன்றும் கற்பிப்பதில்லை. சுவரோரம் அமர்ந்து, ஒரு குழந்தையை மட்டும் கவனித்து நோட்டில் எழுதுகிறார்கள். எதை எடுத்தது, எவ்வளவு நேரம் விளையாடியது, எப்போது அழுதது என்று குறிக்கிறார்கள். ‘குறும்பு செய்தது’ என்று எழுதினால் சகோதரி திருப்பிக் கொடுத்துவிடுவார். கண்ணால் கண்டதை எழுது, தீர்ப்பு எழுதாதே என்பார்.

அதன்பின் சில பழக்கங்களைக் கற்கிறார்கள். நின்றுகொண்டு பேசாமல், குழந்தையின் கண்மட்டத்துக்குக் குனிந்து பேச வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும். “ஓடாதே” என்பதைவிட “மெதுவாக நடந்து வா” என்பது குழந்தைக்கு விளங்கும். அழும் குழந்தையிடம் “அழாதே” என்று அதட்டாமல், “அம்மாவைத் தேடுகிறதா?” என்று கேட்டால் பாதி அழுகை அடங்கும். கையோங்குவது அறவே கூடாது.

“இன்னும் எழுத்து எழுத வைக்கவில்லையே” என்று தாய்மார்கள் கேட்கிறீர்கள். மூன்று வயதில் விரல்களும் மணிக்கட்டும் பென்சிலுக்கு இன்னும் தயாராகவில்லை. களிமண் உருட்டுவதும், காகிதம் கிழித்து ஒட்டுவதும், மணலில் கோடிழுப்பதுமே அந்தக் கையை எழுதத் தயாராக்கும். பெல் வியந்து பார்த்த அதே மணல் இது. 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரும், எழுதுவதற்கு முன் கைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்றே கற்பித்தார். வயதில் மூத்தவரும் இளையவரும் ஒரே வகுப்பில் கலந்திருக்க வேண்டும் என்பதும் அவர் முறையே.

இதனால் பெரிய பிள்ளைகளுக்கு என்ன இலாபம்? வாசிக்கத் தடுமாறிய ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர், படக்கதை சொல்லும் முறை தமக்கு வந்தபோது வீட்டில் ஐந்து தடவை உரக்கப் படித்துப் பார்த்துவிட்டு வந்தார். வகுப்பில் படி என்றால் கூச்சம். ஆனால் பன்னிரண்டு குழந்தைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும்போது கூச்சம் எங்கே? மூன்று மாதத்தில் அவர் வாசிப்பு திருந்தியதை நாங்கள் கண்ணாரக் கண்டோம். பிறருக்குச் சொல்லிக் கொடுப்பவன் இருமுறை கற்கிறான். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் இதற்குப் பெரிய விலையல்ல. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் உள்ளவர்களைத் தேர்வு முடியும்வரை நாங்களே அழைப்பதில்லை.

பெற்றோர்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள். பெண்பிள்ளைகளை மட்டுமல்ல, ஆண்பிள்ளைகளையும் அனுப்புங்கள். நாளைக்குத் தகப்பனாகப் போகிறவனும் குழந்தையைத் தூக்கவும் தேற்றவும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவதாக, ஒரு சனிக்கிழமையாவது நேரில் வந்து பாருங்கள். மூன்றாவதாக, பொன்விழாச் செலவுக் கணக்கைப் பார்க்கும்போது ஆசிரியையின் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். கோபுரத்துக்கு வண்ணம் அடுத்த ஆண்டும் பூசலாம். மூன்று வயதுக் குழந்தைக்கு அடுத்த ஆண்டு நான்கு வயதாகிவிடும்.

 மரியே வாழ்க!