ஓடுகிற கணினிக்கு எதற்கு அப்டேட்?

(விழுப்புரம், திண்டிவனம் பகுதி ஆசிரியர்களுக்காகத் திண்டிவனத்தில் நடந்த கணினிப் பயிற்சியில் ஆற்றிய உரை)



பயிற்சிக்குப் போகும் இடமெல்லாம் என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: “கம்ப்யூட்டர் நல்லாத்தானே ஓடுது சார், எதுக்கு அப்டேட்?” கேள்வி நியாயமானதே. எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றக் கடைசி நாள். அன்றைக்குப் பார்த்துத் திரையில் “அணைக்க வேண்டாம்” என்று சதவீதம் ஊர்ந்துகொண்டிருந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஆனால் அப்டேட் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு வேலைகள் நடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

முதலாவது, பாதுகாப்புக்கான அப்டேட். இதைத் தள்ளிப்போடவே கூடாது. ஏன் என்பதற்கு 2017ஆம் ஆண்டே சாட்சி. விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் 14 அன்று வெளியிட்டது. ஏப்ரலில், அதே ஓட்டை வழியாக நுழையும் கருவி இணையத்தில் கசிந்தது. மே 12 அன்று வானாக்ரை என்ற ரான்சம்வேர் கிளம்பியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் நிரல் அது. 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் சிக்கின. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சிகிச்சை நேரங்கள் ரத்தாயின. மார்ச் மாத அப்டேட்டைப் போட்டிருந்த கணினிகளுக்குள் அந்த ஓட்டை வழியாக அதனால் நுழைய முடியவில்லை. மருந்து இரண்டு மாதங்களாகக் கையிலேயே இருந்தது.

இது எங்கோ நடந்தது என்று நினைக்க வேண்டாம். 2021 செப்டம்பரில் சென்னைத் தலைமைச் செயலகத்திலேயே, பொதுத்துறையின் சில கணினிகளை ரான்சம்வேர் பூட்டியது.

நம் மாவட்டம் ஏரிப்பாசன மாவட்டம். ஏரிக்கரையில் நண்டு வளை தெரிந்தால் ஊரார் சும்மா இருப்பதில்லை. ஐப்பசி மழைக்கு முன்பே அடைத்துவிடுவார்கள். கணினியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஓட்டையை அடைக்கும் அப்டேட் வெளியான அன்றே, ஓட்டை எங்கே இருக்கிறது என்பது திருடனுக்கும் தெரிந்துவிடுகிறது. எனவே அப்டேட் வந்த பிறகும் போடாமல் இருப்பது, அது வருவதற்கு முன்பு இருந்ததைவிட ஆபத்தானது.

“எங்கள் பள்ளிக் கணினியில் நெட்டே இல்லை” என்பார்கள் சிலர். பென்டிரைவ் இருக்கிறதே! ஜெராக்ஸ் கடையில் செருகிய பென்டிரைவைப் பள்ளியில் செருகியதும் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஆய்வகத்தில் கணினிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்தால், ஒன்றில் நுழைந்தது மற்றவற்றுக்கும் போகும். வானாக்ரை பரவியதும் அப்படித்தான்.

இரண்டாவது, டிரைவர் அப்டேட். பிரிண்டர், புரொஜெக்டர், ஒலி, வைஃபை போன்றவற்றோடு கணினி பேச உதவும் சிறு மென்பொருளே டிரைவர். இதில் என் கருத்து வேறு. பிரிண்டர் ஒழுங்காக அச்சிடுகிறது என்றால் அதன் டிரைவரை நீங்களாகத் தேடிப்போய் மாற்ற வேண்டாம். பழுது தெரிந்தால், புதிய சாதனம் வாங்கினால், விண்டோஸ் பதிப்பு மாறினால் மட்டும், அந்தச் சாதனத்தைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுத்துப் போடுங்கள். போட்ட பிறகு சிக்கல் வந்தால், டிவைஸ் மேனேஜரில் பழைய டிரைவருக்கே திரும்பும் வசதி பெரும்பாலும் இருக்கும். “உங்கள் கணினியில் 17 டிரைவர்கள் பழையவை, இங்கே அழுத்துங்கள்” என்று வரும் விளம்பரங்களைத் தொடவே தொடாதீர்கள்.

அப்டேட்டே கெடுதல் செய்யாதா என்றால், செய்யும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான அப்டேட்டால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இதிலிருந்து அப்டேட்டே வேண்டாம் என்று முடிவு கட்டக் கூடாது. முதலில் ஒரே ஒரு கணினியில் போட்டுப் பார்ப்பது, அதற்கு முன் கோப்புகளைத் தனியே நகலெடுத்து வைப்பது என்ற இரண்டு பழக்கங்கள் வேண்டும் என்பதே பாடம்.

மூன்றாவது, அப்டேட்டே வராத கணினிகள். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடும் வழக்கமான இலவச ஆதரவு முடிந்துவிட்டது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அவற்றைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. லினக்ஸ் நமக்குப் புதிதல்ல. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், அரசு வழங்கிய மடிக்கணினிகளிலேயே இருந்தது. அப்டேட் கிடைக்கும் லினக்ஸ் ஒன்றை நிறுவிக்கொள்ளலாம். இல்லையென்றால் இணையத்தோடு இணைக்காமல் தட்டச்சுப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். மாணவர் விவரங்களை மட்டும் அதில் வைக்காதீர்கள்.

நடைமுறைக்கு வருவோம். மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்பு அப்டேட்டை ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாயன்று வெளியிடுகிறது. அந்த வாரத்திலேயே ஒரு நாள், மாலை வகுப்பு முடிந்த பிறகு, இதற்கென ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தேர்வு நாளிலும், எமிஸ் பதிவின் கடைசி நாளிலும் கை வைக்காதீர்கள். எந்தக் கணினியில் எந்தத் தேதியில் போட்டது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பராமரிப்பு வேறொருவர் பொறுப்பில் உள்ள ஆய்வகம் என்றால், நீங்களே செய்யாமல், கடைசியாக எப்போது அப்டேட் செய்யப்பட்டது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பொறுப்பு இன்னாருக்கு என்று பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். எல்லோருக்கும் பொது என்று விட்டால் யாரும் செய்யமாட்டார்கள்.

நம் கணினியில் இருப்பவை வெறும் கோப்புகள் அல்ல. மாணவரின் பிறந்த தேதி, ஆதார் எண், பெற்றோரின் கைபேசி எண், உதவித்தொகை வரும் வங்கிக் கணக்கு எல்லாம் அதில் இருக்கின்றன. நம்மை நம்பி அவர்கள் கொடுத்தவை இவை. அலுவலக பீரோவைப் பூட்டிவிட்டுத்தானே வீட்டுக்குப் போகிறோம்? கணினிக்கும் அந்தப் பூட்டு வேண்டும். நாளை பள்ளிக்குப் போனதும், கடைசி அப்டேட் எந்தத் தேதியில் நடந்தது என்று செட்டிங்ஸில் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதியாக இருந்தால், அன்று மாலையே வேலையைத் தொடங்குங்கள்.