ஒரு வழங்கி வீழ்ந்தால் மற்றையது எழ வேண்டும்



1981 ஆம் ஆண்டு யாழ். பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகின. அங்கிருந்த ஓலைச் சுவடிகள் பலவற்றுக்கு வேறு படி இருக்கவில்லை. நாம் வாழும் யேர்மனியில், 2009 மார்ச் 3 ஆம் நாள் கேல்ன் நகர ஆவணக் காப்பகம் நிலத்தடித் தொடருந்துப் பாதை வேலைகளின்போது இடிந்து வீழ்ந்தது, இருவர் உயிரிழந்தனர். ஆயினும் அதன் ஆவணங்கள் பலவற்றின் நுண்படச் சுருள்கள், பிரைபேர்க் நகருக்கு அண்மையில் உள்ள பார்பராச் சுரங்கத்தில் உருக்குக் கலன்களுள் இருந்தன.

எமது முதியோரின் ஒலிப்பதிவுகளும் வாக்குமூலங்களும் இன்று கோப்பு வழங்கிகளில் உள்ளன. ஒன்று பழுதடைந்தால் மற்றையது உடனே பொறுப்பேற்பதற்கு இரண்டு இயந்திரங்களை வாங்கி அருகருகே வைத்தால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். பெட்டி வாங்குவது இலகு. வேலை அதன் பின்னரே தொடங்குகிறது.

இரண்டு வழங்கிகளும் பயனருக்கு ஒன்றாகவே தோன்ற வேண்டும். எனவே பயனர் இணைவது எந்த இயந்திரத்தின் சொந்த முகவரிக்கும் அன்று. பொறுப்பில் இருப்பதோடு இடம்மாறும் பொது முகவரிக்கே. பயனர் கணக்குகளின் எண்களும் இரண்டிலும் ஒன்றாக இருத்தல் வேண்டும், வழக்கமான என்.எப்.எஸ். அமைப்பு பெயரைப் பாராது, எண்ணையே பார்க்கும். பகிரப்படும் அடைவின் அடையாள எண்ணையும் நாமே குறித்து ஒன்றாக வைக்காவிடின், பொறுப்பு மாறியதும் திறந்திருந்த கோப்புகள் பயனருக்கு எட்டாமற் போகும். யார் எந்தக் கோப்பைப் பூட்டியுள்ளார் என்ற குறிப்பும் பொது வன்தட்டிலேயே இருக்க வேண்டும். இயந்திரம் தொடங்கும்போது என்.எப்.எஸ். தானாக எழக் கூடாது. எழுப்புவது பேஸ்மேக்கர் போன்ற மேலாண்மை மென்பொருளின் வேலை.

தரவைப் பிரதிசெய்ய வியன்னாவில் உருவான டி.ஆர்.பி.டி. உதவுகிறது. 2010 இலிருந்து அது லினக்ஸ் கருவினுள்ளேயே உண்டு. அதன் கண்டிப்பான முறையில், இரு வன்தட்டுகளிலும் எழுதப்பட்ட பின்னரே எழுதியதாக விடை வரும்.

இனி, நான் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். எனது தொடக்க நாட்களில், ஓரிடத்தில் இரு வழங்கிகளுக்கும் இடையிலான கம்பி கழன்றது. இரண்டும் உயிருடன் இருந்தன. ஆனால் மற்றையது இறந்துவிட்டதென ஒவ்வொன்றும் நம்பி, இரண்டும் பொறுப்பேற்றன. கம்பியைப் பூட்டியபோது ஒரு பக்கத்தில் எழுதப்பட்ட ஒருநாள் வேலையைக் கைவிட நேர்ந்தது. அன்றிலிருந்து, வாக்களிக்க மூன்றாவது சிறு கணினி ஒன்றும், மற்றைய இயந்திரத்தின் மின்சாரத்தைத் துண்டித்த பின்னரே பொறுப்பேற்கும் ஏற்பாடும் இல்லாத எந்த அமைப்பையும் நான் இயக்குவதில்லை. இது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் கோப்புகளைக் காப்பது அதுதான்.

பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தவறுதலாக ஒரு பதிவை அழித்தால், இரண்டாவது வழங்கியும் அதே கணத்தில் அதனை விசுவாசமாக அழித்துவிடும். ஒரே அறையில் தீப்பிடித்தால் இரண்டும் சேர்ந்தே போகும். ஆகவே மூன்றாவது படி வேறு நகரில், இவ்விரண்டுடனும் தொடுப்பின்றி இருக்க வேண்டும்.

இளையோரிடம் ஒரு வேலை கேட்கிறேன். மாதம் ஒருமுறை, எவருக்கும் முன்னறிவிக்காது, பொறுப்பிலுள்ள வழங்கியின் மின்கம்பியைப் பிடுங்குங்கள். பெரிய கோப்பொன்று பிரதியாகிக்கொண்டிருக்கும்போதே பிடுங்குங்கள். என்.எப்.எஸ். பூட்டுகளை மீட்க வழக்கமாக 90 வினாடிகள் எடுக்கும். அதுவரை திரை உறைந்து நிற்கும், பதற வேண்டாம். பின்னர் இரண்டு பிரதிகளையும் ஒப்பிட்டு, பார்த்ததைத் திகதியிட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.