பஸ் படியும் தொழிற்சங்கக் கோரிக்கையே

(தோட்டக் கிளைத் தலைவர், தலைவியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, காணி பற்றிப் பேசும் மேடையில் இன்று நாம் பஸ் படியைப் பற்றிப் பேசுகிறோம். காரணம் இருக்கிறது.

கொழுந்து மலையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த தோழி ஒருவர் நம்மிடையே இருக்கிறார். மாதம் ஒருமுறை அவர் கிளினிக் போக வேண்டும். லயத்திலிருந்து பஸ் ஓடும் பாதை வரை மகன்தான் முதுகில் சுமந்து வருகிறார். பஸ் வந்து நின்றாலும் முதற்படி முழங்கால் உயரம். அவரைத் தூக்கி ஏற்றுமுன் "நேரமாகிறது" என்று பஸ் புறப்பட்டுவிடுகிறது. ஓட்டோ பிடித்தால் கைக்காசு கரைகிறது. மகனுக்கும் அன்று பேர் இல்லை. இது தொழிலாளர் பிரச்சினை இல்லையென்றால் வேறு எது?

நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. பொதுமக்கள் செல்லக்கூடிய கட்டடத்திலோ இடத்திலோ, இயலாமையைக் காரணம் காட்டி எவருக்கும் தடை போடக்கூடாது என்கிறது 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். பொதுக் கட்டடங்களும் பொது இடங்களும் எப்படி அமைய வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வர்த்தமானியில் வந்தன. சக்கர நாற்காலியில் இருந்தபடியே கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில், புதிய பொதுக் கட்டடங்கள் அவ்விதிகளின்படியே அமைய வேண்டும் என 2011இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதி செய்தது. அதில் போக்குவரத்தும் அடங்கும்.

ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் சாய்தளம் கட்டினால் போதுமா? அந்த வாசல்வரை வந்து சேர வேண்டாமா? பஸ்ஸுக்குள் மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஆசனம் ஒதுக்கி எழுதியிருக்கிறார்கள். படியேற முடியாதவருக்கு அந்த எழுத்தால் என்ன பயன்?

ஆகவே நாம் கேட்பது இரக்கமல்ல, நிபந்தனை. பஸ் ஓட்ட வீதி அனுமதிப்பத்திரம் வேண்டும். மாகாணங்களுக்கிடையே ஓடும் பஸ்களுக்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவும், மாகாணத்துக்குள் ஓடுபவற்றுக்கு மாகாண அதிகார சபையும் அதை வழங்குகின்றன. தாழ்ந்த படி, பிடிகம்பி, ஏறி அமரும்வரை காத்திருத்தல் ஆகியவற்றை அந்தப் பத்திரத்திலேயே நிபந்தனையாக எழுதட்டும். மீறினால் பத்திரம் புதுப்பிக்கப்படக் கூடாது. இ.போ.ச. பஸ்ஸுக்கும் அதே விதி வேண்டும்.

அடுத்தது தோட்டப் பாதை. "தோட்டத்துக்குள் எங்களால் செலவு செய்ய முடியாது" என்று பிரதேச சபைகள் நீண்டகாலம் கைவிரித்தன. 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டபின் அந்தச் சாக்கு செல்லாது. மலையை மட்டமாக்கச் சொல்லவில்லை. லயத்திலிருந்து பாதைக்கு இறங்கும் உடைந்த படிகளைத் திருத்தி, ஓரத்தில் கைபிடிக் கம்பி போடத்தான் சொல்கிறோம்.

தோழர்களே, ஒவ்வொரு கிளையும் லயம் லயமாகப் போய், பஸ் ஏற முடியாமல் வீட்டோடு முடங்கியிருப்பவர்களைக் கணக்கெடுங்கள். என்ன தடை, எந்த இடத்தில் என்று அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். அந்தப் பட்டியலோடு பிரதேச சபைக்கும் மாகாணப் போக்குவரத்து அதிகார சபைக்கும் நாம் போவோம். முடிந்தவரை அவர்களையும் முன்வரிசையில் அழைத்துப் போவோம்.

இன்று நடக்கிற நமக்கும் நாளை வயது வரும், மலையும் வழுக்கும். இந்தப் படி நம் எல்லோருக்குமான படி.