கறுப்புப் பொருக்கு சொல்லும் கதை

(தொலைக்காட்சி அரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தஞ்சோங் காராங்கிலிருந்து கோலசிலாங்கூர் வந்து, அங்கிருந்து உள்ளே பெஸ்தாரி ஜெயா பக்கம் போகிறவர்களுக்கு அந்த வழி நன்றாகத் தெரியும். கடலோரமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல். உள்ளே திரும்பிவிட்டால் இரண்டு பக்கமும் செம்பனை. அந்தச் செம்பனைக்குப் பழைய கதை உண்டு. இந்த நாட்டில் வியாபாரத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்டது இதே கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமாரம் தோட்டத்தில்தான். நட்டவர் ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். ஆண்டு 1917. தென்னமாரம் என்ற பெயரைக் கேட்டவுடனே தென்னை மரம் என்றுதான் தமிழ்க் காதில் விழுகிறது. காட்டை வெட்டியது, கன்று நட்டது, லாலாங் புல்லைக் களைந்தது, குலை வெட்டியது எல்லாவற்றிலும் தமிழ்த் தொழிலாளர்களின் கை இருந்தது.

செம்பனையோடு கூடவே ஒரு காய்ச்சலும் வந்தது. இன்றைய பேச்சு அந்தக் காய்ச்சலைப் பற்றித்தான்.

1920களில் சிலாங்கூர் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு இரண்டு வாரம், மூன்று வாரம் என்று விடாமல் காய்ச்சல் அடித்தது. மலேரியா என்று கொயினா கொடுத்துப் பார்த்தார்கள், கேட்கவில்லை. டைபாய்டு என்று நினைத்தால் ரத்தத்தில் அந்தக் கிருமி இல்லை. உடம்பில் செந்தடிப்பு, கண் சிவப்பு, பிதற்றல். சிலர் பிழைத்தார்கள், சிலர் போய்ச் சேர்ந்தார்கள். கோலாலம்பூரில் 1900ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் வேலை பார்த்த டாக்டர் வில்லியம் பிளெட்சரும், அவரோடு டாக்டர் லெஸ்லரும் இதை எடுத்து ஆராய்ந்தார்கள். 'வெப்ப மண்டல டைபஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

ஆராய்ந்தபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. ஒரே மாதிரித் தெரிந்த காய்ச்சலில் இரண்டு வகை இருந்தது. பட்டணத்தில், கடை கண்ணிகளில் இருந்தவர்களுக்கு ஒன்று. புதரிலும் செம்பனைத் தோட்டத்திலும் வேலை செய்தவர்களுக்கு இன்னொன்று. இதைப் பிரித்துக் காட்டியது எது தெரியுமா? ஒரு தவறு.

அந்தக் காலத்தில் டைபஸ் நோயைக் கண்டுபிடிக்க வெயில், பெலிக்ஸ் என்ற இருவர் கண்ட ஒரு சோதனை இருந்தது. நோயாளியின் ரத்தத்திலிருந்து தெளிந்த நீரை எடுத்து, புரோட்டியஸ் என்ற கிருமியோடு கலப்பார்கள். டைபஸ் இருந்தால் அந்தக் கிருமிகள் திரிந்த பால்போலக் கட்டிக்கொள்ளும். இதில் அதிசயம் என்னவென்றால், புரோட்டியஸுக்கும் டைபஸுக்கும் உறவே கிடையாது. டைபஸ் கிருமியை எதிர்க்க உடம்பு தயாரிக்கிற ஆயுதம், முகச்சாயல் கொஞ்சம் ஒத்துப்போகிற இந்த வேற்றாளையும் பிடித்துக்கொள்கிறது. போலீஸ் ஒருவனைத் தேடிப் போய், அவனைப்போல மீசை வைத்திருக்கிறவனைப் பிடித்த கதைதான். ஆனால் அந்த மீசைக்காரன் பிடிபட்டால், உண்மையான திருடன் ஊருக்குள் வந்திருக்கிறான் என்று அர்த்தமாகிவிடுகிறது!

கிங்ஸ்பரி என்ற டாக்டர் இந்தக் கிருமியின் ஒரு வளர்ப்பை இங்கிலாந்திலிருந்து கோலாலம்பூருக்குக் கொண்டுவந்தார். வழக்கமான வகை என்று நம்பித்தான் கொண்டுவந்தார். அது குணம் மாறிப்போன வகை. பட்டணத்து நோயாளிகளின் ரத்தத்தோடு அது சேரவில்லை. தோட்டத்து நோயாளிகளின் ரத்தத்தோடு அழகாகக் கட்டிக்கொண்டது. அப்படித்தான் இரண்டும் வேறு வேறு நோய் என்று தெளிந்தது. இன்றும் உலகம் முழுவதும் பாடப் புத்தகங்களில் அந்த வகைக்கு 'ஓ.எக்ஸ்.கே.' என்றுதான் பெயர். அந்தக் 'கே', கிங்ஸ்பரியின் 'கே'. கோலாலம்பூரில் ஒட்டிக்கொண்ட எழுத்து.

அடுத்து வந்தவர்கள் டாக்டர் லூத்வெய்ட், டாக்டர் எஸ். ஆர். சவூர். விலங்குகளில் ஆண்டுக்கணக்காகச் சோதித்து, தோட்டத்துக் காய்ச்சலும் ஜப்பானில் ஆற்றோர விவசாயிகளைக் கொன்றுவந்த சுட்சுகமுஷி நோயும் ஒன்றேதான் என்று காட்டினார்கள். 1940இல் அது அச்சில் வந்தது. இதைத்தான் இன்று ஸ்க்ரப் டைபஸ் என்கிறோம். தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன.

எப்படி வருகிறது? புல் நுனியில் ஒரு மில்லி மீட்டரில் நாலைந்தில் ஒரு பங்கு அளவுள்ள குஞ்சு உண்ணி காத்துக்கொண்டிருக்கும். மனிதனுக்காக அல்ல, எலிக்காக. செம்பனைப் பழம் எலிக்குப் பிடித்தமான உணவு. எலி இருக்கிற இடத்தில் உண்ணி இருக்கும். கீழே குனிந்து உதிர்ந்த பழம் பொறுக்குகிறவர் மேல் அது தவறுதலாக ஏறிவிடுகிறது. இடுப்புக் கட்டு, அக்குள், தொடை இடுக்கு என்று ஈரமான இடமாகப் பார்த்து ஒட்டிக்கொள்ளும். இது ரத்தம் குடிப்பதில்லை. எச்சிலைச் செலுத்திச் சதையைக் கரைத்து அந்த நீரைக் குடிக்கிறது. அந்த எச்சிலோடு கிருமி உள்ளே போகிறது. எலிகூட உண்மையில் இரண்டாம்பட்சம்தான். தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கே கிருமி போய்விடுகிறது, குடும்பச் சொத்துப்போல.

கோலாலம்பூரில் இதை ஆராய்ந்த ரால்ப் ஆடி என்பவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். உண்ணிகள் தோட்டம் முழுக்கப் பரவி இருப்பதில்லை; அங்கங்கே தீவு தீவாக இருக்கின்றன. பத்தடி தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டவருக்கு ஒன்றும் ஆகாது, இந்தப் பக்கம் உட்கார்ந்தவருக்குக் காய்ச்சல் வரும். காட்டை அழித்து அரைகுறையாக விட்ட நிலத்தில் லாலாங் முளைத்து, எலி பெருகி, மனிதனே இந்தத் தீவுகளை உண்டாக்கிக்கொள்கிறான் என்பது அவர் கருத்து. தோட்ட வரலாறு தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

இனி 1948க்கு வருவோம். முந்தின ஆண்டுதான் வெனிசுவேலா மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து குளோரம்பெனிக்கால் என்ற மருந்து பிரித்தெடுக்கப்பட்டிருந்தது. பர்மாப் போர்முனையில் இந்தக் காய்ச்சலுக்கு வீரர்களைப் பறிகொடுத்த ராணுவங்களுக்கு மருந்து அவசரமாக வேண்டியிருந்தது. ஜோசப் ஸ்மேடல் தலைமையில் அமெரிக்க டாக்டர்கள் கோலாலம்பூர் வந்து, லூத்வெய்ட்டோடும் சவூரோடும் சேர்ந்து மருந்தைச் சோதித்தார்கள். 25 நோயாளிகளுக்கு மருந்து. 12 பேர் மருந்தில்லாமல், அன்றிருந்த வழக்கமான கவனிப்போடு. மருந்து சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக ஒன்றரை நாளுக்குள் காய்ச்சல் இறங்கியது. ஒருவரும் சாகவில்லை. மற்றவர்களுக்குக் காய்ச்சல் வாரக்கணக்கில் நீடித்தது.

இங்கேயும் ஒரு தவறு நன்மை செய்தது. ஸ்க்ரப் டைபஸ் என்று நினைத்து மருந்து கொடுத்த சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு. அவர்களும் தேறினார்கள்! அதுவரை டைபாய்டுக்கு மருந்தே கிடையாது. உடனே பத்து டைபாய்டு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, அதே ஆண்டில் அறிவித்தார்கள். உலகத்தில் டைபாய்டுக்கு முதல் மருந்து கிடைத்தது கோலாலம்பூரில்.

அந்த ஆய்வுக் கட்டுரையில் ஸ்மேடல் பெயர் இருக்கிறது, உட்வர்டு பெயர் இருக்கிறது, சவூர் பெயர் இருக்கிறது. படுக்கையில் கிடந்தவர்கள் எண்களாக மட்டும் இருக்கிறார்கள். மருத்துவ ஆராய்ச்சியில் அப்படித்தான் எழுதுவார்கள், நோயாளியின் பெயரை வெளியிடக் கூடாது. அது சரி. ஆனால் அந்தக் காலத்தில் அவர்களிடம் கேட்டுத்தான் செய்தார்களா என்பது வேறு கேள்வி. சம்மதம் இல்லாமல் மனிதரைச் சோதனைக்கு உட்படுத்தக் கூடாது என்ற நியூரம்பெர்க் தீர்ப்பு வந்தது 1947 ஆகஸ்டில், இந்தச் சோதனைக்குச் சில மாதங்கள் முன்னால்தான். இதே பிளெட்சர் 1905இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் ஒரு பாதிப் பேருக்குத் தீட்டிய பச்சரிசியும் மறு பாதிக்குப் புழுங்கலரிசியும் கொடுத்து பெரிபெரி நோயை ஆராய்ந்தார். பச்சரிசி உண்டவர்களில் 18 பேர் செத்தார்கள். தோட்டத்துத் தமிழர்களுக்குப் பெரிபெரி ஏன் வருவதில்லை என்ற கேள்விக்கு, புழுங்கலரிசி என்ற விடை உறுதியானது. உண்மை கிடைத்தது; விலை கொடுத்தவர்கள் மறுத்துப் பேச முடியாதவர்கள். இரண்டையும் சேர்த்தே சொல்வதுதான் நியாயம்.

சரி, மருந்து கிடைத்துவிட்டதே, கதை முடிந்துவிட்டதா என்றால் இல்லை. 1984இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பகாங் மாநிலத்து மெந்தகாப் பகுதியில் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்த 1,629 பேரைச் சோதித்தார்கள். ஐந்தில் ஒருவருக்கு ஸ்க்ரப் டைபஸ். மலேரியாவையும் டைபாய்டையும்விட அதிகம். செம்பனைத் தொழிலாளர்களை மட்டும் எடுத்தால் ஏறக்குறையப் பாதி! அந்த ஆய்வுக் குழுவில் ஒருவர் டாக்டர் எம். ஜெகதீசன். ஆமாம், 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர் ஓட்டங்களில் தங்கம் வென்ற அதே ஜெகதீசன்தான். ஓட்டக்காரர் என்று தெரிந்த அளவுக்கு அவர் கிருமியியல் நிபுணர் என்பது பலருக்குத் தெரியாது.

இன்றைக்குச் சிக்கல் எங்கே இருக்கிறது? சிலாங்கூரில் காய்ச்சல் என்றாலே முதலில் டெங்கி என்றுதான் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். ஆனால் ஸ்க்ரப் டைபஸும் டெங்கியைப் போலவே நடிக்கும். தலைவலி, உடம்பு வலி, ரத்தத் தட்டு அணுக்கள் குறைவது எல்லாம் இதிலும் உண்டு. டெங்கி இல்லை என்று சோதனை சொன்னால், அடுத்து என்ன என்று கேட்க வேண்டும். இந்தக் கிருமி உயிரணுவுக்குள்ளேயே குடியிருப்பதால் பென்சிலின் வகை மருந்துகள் இதைத் தொடுவதில்லை. அந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு ஒரு வாரம் வீட்டில் படுத்திருந்தால் அந்த வாரம் வீண்.

இரண்டாவது வாரம்தான் ஆபத்து. கிருமி சிறு ரத்தக் குழாய்களின் உள்சுவரைத் தாக்குகிறது. அதை எதிர்க்கிற உடம்பின் சீற்றமும் சேர்ந்துகொள்ள, குழாய்கள் கசிகின்றன. நுரையீரலில் நீர் கோத்தால் சுவாசக் கருவி வேண்டும், சிறுநீரகம் நின்றால் டயாலிசிஸ் வேண்டும். சில நாள் மாத்திரையில் தீர்ந்திருக்க வேண்டிய காரியம் தீவிர சிகிச்சைப் பிரிவில் வந்து நிற்கிறது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் இந்தியாவில் ஏழு மருத்துவமனைகள் சேர்ந்து, கடுமையாகப் பாதிக்கப்பட்ட 794 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தின. 2023இல் முடிவு வந்தது. அவர்களில் 62 சதவீதம் பேருக்கு நுரையீரல் பாதிப்பு இருந்தது. டாக்சிசைக்ளின் மட்டும் கொடுத்தவர்களிலும், அசித்ரோமைசின் மட்டும் கொடுத்தவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மரணமோ, நீங்காத காய்ச்சலோ, நீங்காத உறுப்புப் பாதிப்போ இருந்தது. இரண்டையும் சேர்த்து ஊசி வழியாகக் கொடுத்தபோது அது மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. ஆனால் இறப்பை மட்டும் தனியாகப் பார்த்தால் பெரிய வித்தியாசமில்லை. அந்த அளவுக்கு முற்றிய பிறகு மருந்தால் ஓரளவுதான் முடியும்.

தடுப்பூசி இல்லை. கிருமியில் பல இனங்கள்; ஒன்றுக்கு உண்டான எதிர்ப்பு மற்றொன்றுக்கு நிற்பதில்லை. ரத்தச் சோதனைக் கருவிகளும் முழு நம்பிக்கைக்குரியவை அல்ல. முதல் சில நாளில் உடம்பு எதிர்ப்பொருளை உண்டாக்கியிருக்காது, சோதனை 'இல்லை' என்று சொல்லிவிடும். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவருக்கோ பழைய நோயின் மிச்சம் ரத்தத்தில் கிடந்து, 'இருக்கிறது' என்று தவறாகக் காட்டலாம்.

ஆனால் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. உண்ணி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு உண்டாகும். வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளிக்கே தெரியாது. எல்லோருக்கும் வருவதில்லை, கறுத்த மேனியில் சட்டென்று கண்ணில் படுவதும் இல்லை. பெண்களுக்கு மார்புக்குக் கீழே இருக்கலாம், கூச்சத்தில் காட்ட மாட்டார்கள். இன்று செம்பனைக்குக் கீழே பழம் பொறுக்குகிறவர்களில் நிறையப் பேர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். மொழி தெரியாது, சிலரிடம் பத்திரம் இருக்காது, மருத்துவமனை என்றாலே பயம். நூறு வருடத்துக்கு முன் கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கும் ஏறக்குறைய இதே நிலைதான்.

வீட்டில் யாருக்காவது ஐந்து நாளைக்கு மேல் காய்ச்சல் நின்று, டெங்கியும் இல்லை என்றால், டாக்டரிடம் முதலில் வேலையைச் சொல்லுங்கள்: தோட்டத்தில் இருந்தேன், புல் வெட்டினேன், வாய்க்கால் கரையில் உட்கார்ந்தேன் என்று. அவர் சட்டையைக் கழற்றிக் கையைத் தூக்கச் சொன்னால் கூச்சப்படாமல் தூக்குங்கள். அவர் சொல்ல மறந்தால், அக்குளை ஒரு தடவை பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள்.